இரும்பு மலைகளைக் கண்டவர்: பிரமதநாத போஸ்

ஜம்ஷெட்பூர் என்றவுடன் டாட்டாவின் பெயரை நினையாத மாணவர் இலர். பிலாய் என்றால் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த உருக்காலை என்றும், விசாகபட்டணம் என்றால் தாதுக் கப்பல்கள் வந்து தங்கும் துறைமுகம் என்றும் பூமிசாஸ்திரம் பயின்றோர் அறிவர். இம்மூன்று ஊர்களை நோக்கியும் இரும்புக்கல்லைச் சுமந்து வருவதற்கென்றே மூன்று இருப்புப்பாதைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் மறுமுனையில், காடு சூழ்ந்த மூன்று மலைகள் உள்ளன: கோருமகிசானி, தல்லி-ராஜ்ஹரா, பைலாடிலா. இருப்புப்பாதை வருமுன்பே, அம்மூன்று மலைகளுக்கும் சென்று, அவற்றின் செங்கற்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் குறிப்பெழுதியவர் ஒரே மனிதர். அவர் பெயரை நம்மவருட் சிலரே அறிவர்.

பிரமதநாத போஸ் 1855 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி வங்காளத்தில், கோபர்தங்கா என்னும் ஊருக்கு அணித்தான கைப்பூர்க் கிராமத்திலே பிறந்தார். கிருஷ்ணநகர்க் கல்லூரியிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் பயின்ற அவர், 1874 இல் கில்கிறைஸ்ட் புலமைப்பரிசில் பெற்று இலண்டனுக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் இங்கிலாந்து சென்ற இந்திய இளைஞர் பலருக்கும் இரண்டு கனவுகளே இருந்தன: ஒன்று சிவில் சேவை, மற்றது நியாயவாதியின் அங்கி. போஸ் விஞ்ஞானத்தைக் கைக்கொண்டார். 1878 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும், அடுத்த ஆண்டில் அரச சுரங்கக் கல்லூரியின் தகுதியையும் பெற்றார். 1880 இல், தமது 25 ஆம் வயதில், இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் துறையில் உயர்தர உத்தியோகத்தராக நியமனம் பெற்றார். வெள்ளையருக்கே உரியதாயிருந்த அப்படிவரிசையில் அமர்ந்த முதலிந்தியருள் அவர் வைத்து எண்ணப்படுகிறார்.

அத்துறையில் உத்தியோகம் என்பது நாற்காலியில் அமர்ந்து கோப்புப் பார்ப்பதன்று. மழைக்காலம் முடிந்ததும் கூடாரத்தையும் உணவுப் பொருளையும் மாட்டுவண்டியிலோ யானையிலோ ஏற்றிக்கொண்டு காட்டுக்குட் புகவேண்டும். ஆறு மாதம் நடக்கவேண்டும். ஓடைகளின் கரையில் வெளிப்பட்டு நிற்கும் பாறைகளை உடைத்து, அவற்றின் சாய்வையும் திசையையும் அளந்து, வரைபடத்தில் வண்ணமிட வேண்டும். மழை மீண்டும் வரும்போது கல்கத்தாவுக்குத் திரும்பி அறிக்கை எழுதவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போஸ் இவ்வாறு நடந்தார். நருமதைப் பள்ளத்தாக்கின் பாறையடுக்குகள், அசாமின் நிலக்கரி, சிக்கிமின் செம்பு, பர்மாவின் தெனாசெரிம் கரை என்று அவர் கால் படாத திசை குறைவு.

அந்நடையின் நடுவே, 1887 ஆம் ஆண்டளவில், மத்திய மாகாணத்தின் தொண்டி-லோகாரா சமீன் பகுதியில் தல்லி, ராஜ்ஹரா என்னும் குன்றுகளை அவர் கண்டார். லோகாரா என்ற பெயரிலேயே இரும்பு இருக்கிறது. அவ்வட்டாரத்துக் கொல்லர் தலைமுறை தலைமுறையாகச் சிறு களிமண் உலைகளில், மரக்கரியிட்டு, தோல்துருத்தியைக் காலால் மிதித்து, கொழுவுக்கும் கோடரிக்கும் வேண்டிய இரும்பை உருக்கி வந்தனர். ஆதலின் அம்மலையில் இரும்பு உண்டென்பதைக் கண்டுபிடித்தவர் போஸ் என்று சொல்வது முறையாகாது. மலையடிவாரத்து மக்கள் அதை அறிந்திருந்தனர். எவ்வளவு உண்டு, எத்தன்மையது, எந்தப் பாறையோடு சேர்ந்தது என்பதை அளவிட்டு, உலகம் வாசிக்கக்கூடிய எழுத்தில் பதித்ததே அவர் செய்த பணி. பத்தாண்டு கழித்து, 1898-99 காலப்பகுதியில், பஸ்தர் இராச்சியத்தின் தென்கோடிக் காட்டில் எருதின் திமில்போல் எழுந்து நிற்பதால் பைலாடிலா எனப் பெயர்பெற்ற மலைத்தொடரையும் அவர் ஆராய்ந்தார். அங்கும் உயர்தரத் தாது இருப்பதை எழுதி வைத்தார்.

அறிக்கைகள் அச்சேறின, அலுமாரிகளில் அடுக்கப்பட்டன. மலைகள் இருந்தபடியே இருந்தன. அதற்குக் காரணம் உண்டு.

இரும்புத்தாது பொன்னோ மாணிக்கமோ அன்று. ஒருவன் மடியிற் கட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. ஒரு தொன் இரும்பு வேண்டுமாயின் ஏறக்குறைய ஒன்றரைத் தொன்னோ அதற்கு மேலோ தாது வேண்டும். அதனோடு கல்கரி வேண்டும், சுண்ணாம்புக்கல் வேண்டும், ஆற்று நீர் வேண்டும். இவை நான்கும் ஓரிடத்தில் கூடி வாழ்வதில்லை. விலை மலிந்த பாரமான பொருளை நாள்தோறும் ஆயிரக்கணக்கான தொன் வீதம் நகர்த்துவதற்கு மாட்டுவண்டி உதவாது. தமிழகம் இந்தப் பாடத்தை முன்னரே படித்திருந்தது. 1830 இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்து மலைகளின் தாதுவைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரி வழியாகக் கொண்டு வந்தனர். தாது நல்லது, கொல்லன் மரபு பழையது. எனினும் மரக்கரிக்காகக் காடழிந்தது. வழிச்செலவு ஆலையை விழுங்கியது. நாளடைவில் உலைகள் அவிந்தன. கனிவளம் என்பது பாதி நிலத்தில் இருக்கிறது, பாதி பாதையில் இருக்கிறது என்பதே அந்த ஆலையின் இடிபாடு நமக்குச் சொல்லும் செய்தி.

1903 ஆம் ஆண்டு போஸின் வாழ்வில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. ஆய்வுத்துறையின் தலைமைப் பதவி காலியாயிற்று. சேவையில் தமக்குப் பத்தாண்டு இளையவரான தோமஸ் ஹொலண்ட் அப்பதவிக்கு உயர்த்தப்பட்டார். ஹொலண்ட் தகுதியற்றவர் அல்லர். சிறந்த ஆராய்ச்சியாளர் என்று விஞ்ஞான உலகம் மதிக்கிறது. ஆயினும் இருபத்துமூன்று ஆண்டு காடளந்த ஓர் இந்தியரைத் தாண்டி ஓர் ஆங்கிலேயர் உயர்த்தப்பட்டதன் பொருள் எவருக்கும் விளங்காமற் போகவில்லை. போஸ் இரைந்து பேசவில்லை. சேவையிலிருந்து விலகினார். ஓய்வூதியம் பெற்று ஒதுங்கியிருந்தால் அவர் கதை அங்கே முடிந்திருக்கும். அவரோ ஒரிசாவின் மயூர்பஞ்ச் இராச்சியத்தில், மகாராசா சிறிராம் சந்திர பஞ்ச் தேவின் அழைப்பை ஏற்றுப் புவிச்சரிதவியலாளராகச் சென்றார்.

அதே 1903 ஆம் ஆண்டில் நம் இலங்கையில் நிகழ்ந்ததொன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வின் முதற் பணிப்பாளராக அவ்வாண்டிலே பொறுப்பேற்றார். பலாங்கொடைப் பகுதியின் கிராமத்து இரும்புலைகளை அவரும் சென்று கண்டு எழுதினார். கல்லை ஆராயப் புகுந்த இவ்விருவரும் கலையையும் நாகரிகத்தையும் பற்றிப் பெருநூல்கள் எழுதினர் என்பது வியப்பான ஒற்றுமை. குமாரசுவாமி கிராமக் கைவினை அழிவதைக் கண்டு வருந்தினார். போஸ் புதிய உலை நம் மண்ணிலேயே எரியவேண்டும் என்று விழைந்தார். இருவரும் ஒரே காயத்தைத்தான் கண்டனர், மருந்துதான் வேறு.

மயூர்பஞ்சின் வடபகுதியில் சுமார் 3,000 அடி உயரமுள்ள கோருமகிசானி மலை இருக்கிறது. அதன் சரிவுகளில் இரும்புக்கற்கள் தோண்டாமலே அள்ளும்படி சிதறிக் கிடந்தன. நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இரும்பு. மேலும், ஜாரியா நிலக்கரி வயல் எட்டாத் தொலைவில் இல்லை. மலையைக் கண்ட போஸ் சும்மா இருக்கவில்லை. 1904 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆந் திகதி பம்பாயிலிருந்த ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். டாட்டா உருக்காலைக்கு இடந்தேடுகிறார் என்பதை அறிந்து, மயூர்பஞ்சின் தாதுவையும் அதன் அருகேயுள்ள கரியையும் எடுத்துக்காட்டிய கடிதம் அது. மூன்று மாதத்துள், மே 19 இல், ஜேர்மனியில் டாட்டா காலமானார். கடிதம் அவர் மகன் தோராப்ஜியின் கையில் ஒரு கடமையாக மாறிற்று.

இதற்கு முன்னரே தோராப்ஜியும் அமெரிக்க நிபுணர் வெல்டும் மத்திய மாகாணத்தில் அலைந்திருந்தனர். நாகபுரி அரும்பொருட் காட்சிச்சாலையில் தோராப்ஜி கண்ட ஒரு நிலப்படம் அவர்களைத் தல்லிக் குன்றுகளுக்கு அனுப்பியது. போஸ் ஆராய்ந்து எழுதிய அதே குன்றுகள்தாம் அவை. தாது அருமையானது, ஆனால் தக்க கரியும் நீரும் அருகில் இல்லை. எனவே கைவிட்டனர். ஆகவே ஒரு முறை அன்று, இரு முறை போஸின் அடிச்சுவட்டிலேயே டாட்டா நிறுவனத்தார் நடந்தனர் என்று சொல்லலாம். இறுதியில் சுவர்ணரேகையும் கார்க்காயும் கூடுமிடத்தில், வங்காள-நாகபுரி இருப்புப்பாதையின் காளிமாட்டி நிலையத்துக்கு அருகிலுள்ள சாக்சிக் கிராமம் தெரிவு செய்யப்பட்டது. 1907 ஆகஸ்ட் 26 இல் கம்பனி பதிவாயிற்று.

இனி வேண்டியது மலைக்கும் உலைக்கும் இடையில் ஒரு பாதை. காளிமாட்டியிலிருந்து கோருமகிசானிக்குச் சுமார் 45 மைல் நீளத்தில் வங்காள-நாகபுரிக் கம்பனி கிளைப்பாதையொன்றை அமைத்தது. பிரயாணிகளை நம்பி எழுந்த பாதையன்று அது. கல்லை நம்பி எழுந்த பாதை. இத்தகைய பாதையின் இலக்கணமே வேறு. சாதாரண வண்டி இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே சுமையோடு ஓடும். தாதுவண்டியோ மலையிலிருந்து நிறைந்து வரும். மலைக்கு வெறுமையாகத் திரும்பும். ஆதலின் பாரமேறி வரும் திசையில் ஏற்றம் குறைவாயிருக்கும்படி பாதையை வகுப்பர். தண்டவாளம் தடித்ததாயும், சிலிப்பர்க் கட்டைகள் நெருக்கமாயும், அவற்றின் கீழுள்ள கற்படுக்கை ஆழமாயும் இருக்கவேண்டும். இறக்கத்தில் வருகையில் அவ்வண்டியை இழுப்பதைவிடப் பிடித்து நிறுத்துவதே பெரிய வித்தை. மலைச்சரிவில் சந்தால் ஆடவரும் பெண்டிரும் கையால் உடைத்துக் கூடையிற் சுமந்து கொட்டிய கற்கள் இப்பாதையின் வழியே சாக்சிக்கு இறங்கின. 1911 டிசம்பர் 2 இல் முதல் இரும்பு உருகி ஓடியது. 1912 பெப்ரவரி 16 இல் முதல் உருக்குக் கட்டி வார்க்கப்பட்டது.

இதில் இன்னொரு நயமும் உண்டு. கல்லைக் கொண்டுவந்த இருப்புப்பாதையே உலையின் முதற் பெருங் கொள்வனவாளனும் ஆயிற்று. ஆண்டுக்கு 20,000 தொன் தண்டவாளம் வீதம் பத்தாண்டுக்கு வாங்க இந்திய அரசாங்கம் உடன்பட்டிருந்தது. இந்தியர் தண்டவாளம் செய்தால் அதைத் தாமே உண்டுவிடுவதாக இருப்புப்பாதைத் தலைமை அதிகாரி அப்கொட் எள்ளினார் என்பது பிரசித்தமான கதை. முதல் மகாயுத்தத்தில் மெசப்பத்தேமியாவுக்கும் எகிப்துக்கும் பலஸ்தீனத்துக்கும் கிழக்காபிரிக்காவுக்கும் தண்டவாளங்கள் சென்றது அந்த உலையிலிருந்துதான். 1919 இல் தேசாதிபதி செம்ஸ்போர்ட் பிரபு நேரில் வந்து சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காளிமாட்டி டாட்டாநகர் ஆயிற்று.

இவ்விடத்தில் என் மனத்தில் எழும் ஒரு கருத்தை வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். மாளிகாவத்தையில் வாழும் எனக்குப் புகையிரத முற்றத்தின் ஓசை அன்றாடப் பழக்கம். பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக் கோக்கப்படும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், இந்நாட்டுப் பாதைகள் எதற்காக இடப்பட்டன என்ற வினா எழுவதுண்டு. 1867 இல் கண்டியை எட்டிய பாதை, மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்தில் இறக்குவதற்காக எழுந்தது. பின்னர் அதிலேயே தேயிலை இறங்கிற்று. நம் நாட்டின் காரீயமும் கொழும்புப் பண்டகசாலைகளில் தரம்பிரிக்கப்பட்டு, உருக்கு உருக்கும் மூசைகள் செய்வதற்காக மூலப்பொருளாகவே கப்பலேறிற்று. பாதை நன்மையே செய்தது. ஆனால் அது கடலில் போய் முடிந்தது. கோருமகிசானிப் பாதை உலையில் போய் முடிந்தது. ஒரு பாதை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கணக்கிடுவோர் பலர். அது எங்கே போய் முடிகிறது என்று கேட்போர் சிலர். போஸ் அந்தச் சிலருள் ஒருவர்.

அவர் இவ்வாறு சிந்தித்ததில் வியப்பில்லை. இந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதி, நாட்டின் செல்வம் கடல்கடந்து வடிவதைப் புள்ளிவிபரத்தோடு காட்டிய ரமேஷ் சந்திர தத்தரின் மகள் கமலாவே அவர் மனைவி. போஸ் தாமும் பிரித்தானிய ஆட்சிக்கால இந்து நாகரிகத்தின் வரலாற்றை 1894 முதல் மூன்று பாகங்களாக எழுதினார். மூலப்பொருளை விற்று முடிவுப் பொருளை வாங்கும் நாடு வறுமையிலிருந்து மீளாது என்பது அவர் கொள்கை. அதை மாற்றக் கல் மட்டும் போதாது, கையும் மூளையும் வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1906 இல் சுதேசி இயக்கம் வங்காளத்தில் கொழுந்துவிட்டெரிந்த வேளையில், கல்கத்தாவில் வங்காளத் தொழில்நுட்பக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதன் கௌரவ அதிபராகப் பொறுப்பேற்றார். அந்தச் சிறு வித்தே பல மாற்றங்களுக்குப் பின் 1955 இல் யாதவபூர்ப் பல்கலைக்கழகமாயிற்று. ஆசிரியர்களாகிய நம்மவருக்கு அவர் வாழ்வில் மிகவும் நெருக்கமான பகுதி இதுவே. தலைமைப் பதவி மறுக்கப்பட்ட ஒருவர், அதே துறைக்கு அடுத்த தலைமுறையை ஆயத்தம் செய்வதைத் தம் மறுமொழியாக்கினார்.

முதுமையில் அவர் ராஞ்சியிலே தங்கி எழுத்தில் ஈடுபட்டார். 1934 ஏப்ரல் 27 இல் காலமானார். அவர் பிற்கால நூல்களில் மேனாட்டு இயந்திர நாகரிகத்தைப் பற்றிய ஐயமும் கண்டனமும் மிகுந்திருக்கின்றன. உலைக்கு வழிகாட்டியவரே உலையின் புகையைக் கண்டு கவலைப்பட்டார் என்பதை முரண்பாடு என்று நான் கருதவில்லை. பயனையும் விலையையும் ஒருங்கே கண்ட நேர்மை என்றே கருதுகிறேன்.

அவர் மறைந்த பின்னரும் அவர் குறிப்புகள் உறங்கவில்லை. 1955 இல் இந்தியாவும் சோவியத் நாடும் உடன்படிக்கை செய்து பிலாயில் உருக்காலை கண்டன. 1959 பெப்ரவரியில் அதன் முதல் ஊதுலை மூட்டப்பட்டது. அதற்குத் தாது கொடுத்தது, டாட்டா நிறுவனத்தார் கைவிட்டுச் சென்ற தல்லி-ராஜ்ஹரா. எழுபதாண்டு காத்திருந்த குன்றுக்குப் பாதை வந்தது. கரி தொலைவிலிருந்து புகைவண்டியிலேயே வந்தது. பிலாய் இந்திய இருப்புப்பாதைகளுக்குத் தண்டவாளம் வார்க்கும் ஆலையாயிற்று. தண்டவாளத்தின்மேல் வந்த கல் தண்டவாளமாகவே திரும்பிச் செல்லும் அற்புதத்தை அங்கே காணலாம். ராஜ்ஹராவின் தாது குறைந்து வரவே, அப்பாதை அண்மை ஆண்டுகளில் ரௌகாட் மலையை நோக்கி மேலும் காட்டுக்குள் நீட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாவது மலையின் கதை வேறு. 1960 இல் இந்தியா யப்பானோடு தாது விற்பனை ஒப்பந்தம் செய்தது. பைலாடிலாவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 40 இலட்சம் தொன். அதற்காகக் கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, கிரந்துல் முதல் கொத்தவலசை வரை ஏறக்குறைய 445 கிலோமீற்றர் பாதை அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே இடப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட குகைவழிகள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரத்தில் ஒரு நிலையம். அங்கிருந்து பாரமேறிய வண்டிகள் சமவெளிக்கு இறங்கும் நெடிய சரிவு. இலங்கையிலும் உள்ள ஐந்தரை அடி அகலப் பாதையில் நிகழ்ந்த பெருஞ் சாதனைகளுள் இதுவொன்று. உலகில் இதனினும் பெரிய தாதுப் பாதைகள் உண்டு. சுவீடனின் கிருணாவிலிருந்து நோர்வேயின் நார்விக் துறைக்கு 1903 இலேயே ஒன்று திறக்கப்பட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 2001 யூன் மாதம் 682 பெட்டிகளும் 8 எஞ்சின்களும் பூட்டி, ஏழு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஒரே வண்டியில் 80,000 தொன்னுக்கு மேற்பட்ட தாதுவைக் கொண்டு சென்று சாதனை படைத்தனர். ஆனால் நாம் கேட்கும் வினா இங்கும் அதுவே. பைலாடிலாப் பாதை கடலில் முடிந்தது. போஸ் கண்ட கல் கல்லாகவே யப்பானுக்குச் சென்றது. 1990 இல் விசாகபட்டணத்திலேயே உருக்காலையின் ஊதுலை மூட்டப்பட்ட பின்னர்தான் அப்பாதைக்குத் துறைமுகத்தருகே ஓர் உலையும் கிடைத்தது.

மலைகளில் வாழ்ந்த மக்களை மறந்து இக்கதையை முடிப்பது அறமாகாது. கோருமகிசானியின் சந்தால்கள், தல்லியின் கோண்டுகள், பைலாடிலாவின் காட்டுக் குடிகள் ஆகியோர் அனைவருக்கும் அம்மலைகள் தாதுக் குவியல்களல்ல. வேட்டைநிலம், நீரூற்று, தெய்வம் உறையும் இடம். சுரங்கத்தின் செந்தூள் கலந்து சங்கினி ஆறு சிவந்தோடியது. பழைய களிமண் உலைகள் அவிந்தன. மலை இருக்கும் ஊருக்கும் உலை இருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள வாழ்க்கைத் தூரம் பாதையின் நீளத்தைவிடப் பெரியதாகவே பலகாலம் இருந்தது. கோருமகிசானிப் பாதை பின்னர்ப் பாதாம்பகார் வரை நீண்டது. அவ்வழியிலுள்ள ராய்ராங்பூர்ப் பகுதியிலிருந்து வந்த சந்தால் பெண்மணியான திரௌபதி முர்மு 2022 இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார். கூடையிற் கல் சுமந்தோரின் இனத்துக்குக் கிடைத்த பெருமை அது. அவர்கள் கணக்கு அதனால் தீர்ந்துவிட்டதென்று எவரும் கொள்ளலாகாது.

பிரமதநாத போஸ் ஆலை முதலாளியல்லர், அரசியல் தலைவருமல்லர். பதவி தவறியபோது அறிவை விலைபேசாமலும் வெறுப்பில் புதைக்காமலும், அதற்கு உரிய இடத்தைத் தேடிக் கடிதம் எழுதிய ஓர் உத்தியோகத்தர். தாது மலையில் இருந்தாலும் மாணவனின் மூளையில் இருந்தாலும், அதை வெளிக்கொணரும் பாதை எங்கே சென்று முடியவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் வாழ்வு கற்பிக்கும் பாடம். பாதை போடுவது பொறியியலாளரின் வேலை. அதன் முடிவிடத்தைக் குறிப்பது ஒரு சமுதாயத்தின் வேலை.